தரவரிசையில் முதல் பெயர்

1

கடிதமானாலும் கதையானாலும், முதலில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதிவிடுவது என் வழக்கம். பிற்பாடு சண்டை வராது.

நேற்று வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணி, என் நகல் கடை. ஆக மொத்தம் ஐந்து பேர். கணினிக்கு முன்னால் நான். அச்சுப்பொறிக்குப் பக்கத்தில், வாடிக்கையாளருக்கான பிளாஸ்டிக் முக்காலியில் ஜெனலின். வயது இருபத்தேழு, நர்ஸ். காகிதப் பெட்டியின் மேல், மடியில் துளை போடும் கருவியோடு ரோவேனா. எங்கள் சான் எலிசெயோ ஆரம்பப் பள்ளியில் ஒன்பது வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. கைப்பிடி உள்ள ஒரே நாற்காலியில் ஜெனலினின் மாமா ருஃபோ. வட்டாரத் தலைவர் என்பதால் ஊர் அவரைக் கபிதான் என்று கூப்பிடும், அந்த நாற்காலியையும் அவருக்குத்தான் விடும். வாசல்படியில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக ஜெனலினின் அம்மா நெனிதா. பக்கத்துச் சாப்பாட்டுக் கடை அவருடையது. அடுப்பில் இறைச்சிக் கொழுக்கட்டை போட்ட மோலோ சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

கதை வந்த வழியையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கடிதத்தின் மிச்சம். ஜெனலினுக்காக நான் நேற்று இரண்டு கடிதங்கள் அடித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ‘பொருள்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் அடங்காமல் வெளியே நின்றதெல்லாம் இங்கே வந்திருக்கிறது.

விஷயம் இதுதான். ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரி ஜெனலினை வேலைக்கு எடுத்திருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளியில் காலியான ஒரே நிரந்தர ஆசிரியர் இடத்துக்கும் அவள் பெயரே முதலில் வந்திருந்தது. இரண்டு இடத்துக்கும் அன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் போய்ச் சேர வேண்டும், அசல் கையெழுத்தோடு. பள்ளி இடத்தை அவள் வேண்டாம் என்றால் அது பட்டியலில் இரண்டாவது பெயருக்குப் போகும். இரண்டாவது பெயர் ரோவேனா.

அதாவது, காகிதப் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஜெனலினின் விண்ணப்பத்துக்குத் துளை போட்டுக்கொண்டிருந்த அதே ரோவேனா.

[ஒரு குறிப்பு: பெயர்களை மாற்றட்டுமா என்று ஜெனலினிடம் கேட்டேன். “எதுக்கு மனோங்? அதான் ஊர் வாசல் பேனர்ல இருக்கே” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள். மாற்றவில்லை.]

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாகப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: “நோயாளிகளின் கையைப் பிடிப்பதா, குழந்தைகளின் கையைப் பிடிப்பதா என்ற கேள்வி ஜெனலினின் மனத்தை” — இங்கே நிறுத்திவிட்டேன். ஜெனலின் யார் கையையும் சும்மா பிடிப்பவள் அல்ல. நரம்பு தேடித்தான் பிடிப்பாள்.

இரண்டாவது: “கடற்காற்று மெல்ல வீசும் மாலைப் பொழுதில்” — நேரம் மதியம் ஒரு மணி. கடையில் மின்விசிறிகூட ஓடவில்லை. வெட்டியாயிற்று.

மூன்றாவது தொடக்கம் பேனரிலிருந்து. இது நடந்தது, ஆனாலும் எழுதத் தயக்கமாக இருக்கிறது. எங்கள் ஊரில் யாராவது தேர்வில் தேறினால், வேலை கிடைத்தால், குடும்பம் முகத்தைப் பெரிதாக அச்சடித்துச் சாலையோரம் கட்டிவிடும். தரவரிசைப் பட்டியல் ஊராட்சிக் கட்டடச் சுவரில் ஒட்டப்பட்ட அன்றே கபிதான் ருஃபோ என் கடைக்கு வந்து, எட்டடிக்குப் பத்தடி பேனர் கேட்டார். ‘ஆசிரியை ஜெனலினுக்கு வாழ்த்துகள்’ என்று எழுதச் சொன்னார். படம் கேட்டேன். நர்ஸ் படிப்பு முடித்தபோது ஸ்டூடியோவில் எடுத்த படத்தைக் கொடுத்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் மெழுகுவர்த்தி. ஜெனலினிடம் அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அச்சடித்தேன். ஆகவே ஊர் நுழைவாயிலில், நர்ஸ் தொப்பி போட்ட பெண்ணுக்குக் கீழே ஆசிரியை என்று எழுதியிருக்கிறது.

கதைக்காரனுக்கு இப்படி ஒன்று அகப்பட்டால் உடனே குறியீடாக்கிவிடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். வேறு படம் கையில் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே எந்தத் தொடக்கமும் சரிப்படவில்லை. யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதே தொடக்கமாக நின்றுவிட்டது.

3

“பேனர் போட்டாச்சு,” என்றார் ருஃபோ. ஒரு மணியிலிருந்து அவர் சொல்லிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். “ஊருக்கு வர்றவன் பாத்துட்டு வர்றான். போறவன் பாத்துட்டுப் போறான்.”

“தியோ, நான் இன்னும் கையெழுத்தே போடலை,” என்றாள் ஜெனலின் மாமாவிடம்.

“அதுக்குத்தான் நான் முந்திக்கிட்டேன். நீ கையெழுத்துப் போடுற வரைக்கும் காத்திருந்தா, கடலோரத் தெருக்காரங்க அவங்க வீட்டுப் பொண்ணுக்கு நம்மளை விடப் பெருசா கட்டியிருப்பாங்க.”

“அதுல என் மக தலையில தொப்பி இருக்கு, கீழ டீச்சர்னு இருக்கு,” என்றார் நெனிதா வாசலிலிருந்து. “நேத்து ஒரு மீன்காரர் கடைக்கு வந்து, டீச்சர் ரத்தக்கொதிப்பு பாப்பாங்களான்னு கேக்கறார்.”

“நீ என்ன சொன்னே?”

“நான் என்ன சொல்ல? இவ பாத்தே விட்டுட்டா.”

“நூத்தம்பதுக்குத் தொண்ணூறு,” என்றாள் ஜெனலின். “உப்புக் கருவாட்டைக் குறைக்கச் சொன்னேன். கருவாடு விக்கிறவரே அவர்தான்.”

ரோவேனா சிரித்தாள். சிரித்தபடியே ஒரு தாளை ஓரம் தட்டிச் சரிசெய்து, கருவியில் வைத்து அழுத்தினாள்.

நெனிதாவின் பக்கத்தையும் சொல்லவேண்டும். ஜெனலின் எட்டு மாதம் ஜெர்மன் படித்தபோது அவரும் கூடவே கொஞ்சம் படித்துவிட்டார். காலையில் சாப்பிட வருகிறவர்களுக்கு “குட்டன் மோர்கன்” சொல்லித்தான் சோறு போடுகிறார். பழைய துணிக் கடையில் தேடி, முழங்காலுக்குக் கீழே வரும் ஒரு கம்பளிக் கோட்டும் வாங்கி வைத்திருக்கிறார்.

“அஞ்சு மாசமா அந்தக் கோட்டு கடைச் சுவத்துல தொங்குது, இந்தாய், மகளே. வர்றவன் எல்லாம் தொட்டுப் பாத்துட்டு, எப்பப் போறாங்கறான். போறாளா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சா போதும். அப்புறம் அதைக் கழட்டறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன்.”

“உங்களுக்கு எது வேணும் நானாய்?” என்று அம்மாவைக் கேட்டாள் ஜெனலின்.

“எனக்கு இப்ப சூப்பு பொங்காம இருக்கணும்,” என்று சொல்லிவிட்டு நெனிதா வெளியே இருந்த காலை இழுத்துக்கொண்டு போனார்.

[சம்பளம் எங்கே என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் அதிகம். சொல்லியாயிற்று. நேற்று அந்த அறையில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யாரும் பேசுவதில்லை.]

நர்ஸ், ஆசிரியை என்று அவளிடம் இரண்டு உரிமம் எப்படி வந்தது என்பதையும் ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். ஜெனலின் நர்ஸாக இரண்டு வருஷம் பெண்கள் வார்டில் வேலை பார்த்தாள். அதற்கு நடுவே சனிக்கிழமை வகுப்புகளுக்குப் போய், ஆசிரியர் தேர்வும் எழுதித் தேறினாள். எங்கள் பக்கத்தில் இது அதிசயமல்ல. இரண்டு உரிமம் வைத்துக்கொண்டு எது முதலில் கூப்பிடுகிறதோ அதற்குப் போவார்கள். இவளை இரண்டும் ஒரே வாரத்தில் கூப்பிட்டன. கூப்பிட்டது மட்டுமல்லாமல், ஒரே வெள்ளிக்கிழமையையும் குறித்துக் கொடுத்துவிட்டன.

4

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது.

நேற்றிரவு எழுதிய படியில், ஜெனலினுக்கு ஆசிரியர் வேலை ஏன் பிடித்தது என்பதற்கு ஒரு நினைவு தயாரித்திருந்தேன். வார்டிலிருந்து வீட்டுக்குப் போகும் ஒரு நோயாளிக்கு இன்சுலின் போட்டுக்கொள்ள அவள் பொறுமையாகச் சொல்லித் தருகிறாள். தலைமை நர்ஸ் வந்து, “இது வகுப்பறை இல்லை” என்று அதட்டுகிறாள். அப்போது ஜெனலினுக்குத் தன் மனம் எங்கே இருக்கிறது என்று புரிகிறது —

இன்று காலை அவள் கடைக்கு வந்தபோது படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

“இது நான் இல்ல மனோங். இது டிவியில வர்ற பொண்ணு.”

“அப்ப நடந்தது என்ன?”

“எனக்கு ஆஸ்பத்திரி பிடிக்கும். ஊசி போடப் பிடிக்கும். யாருக்கும் கிடைக்காத நரம்பு எனக்கு முதல் குத்துலயே கிடைக்கும். மத்த வார்டுலேர்ந்து என்னைக் கூப்பிட்டு அனுப்புவாங்க. அது எவ்வளவு ஜம்முனு இருக்கும் தெரியுமா? அதை ஏன் எழுதலை?”

எழுதிவிட்டேன்.

“பாடம் நடத்தறதுல நான் மட்டம்,” என்றும் சொன்னாள். இதையும் எழுதச் சொன்னாள்.

அது உண்மைதான். பள்ளி இடத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது மாதிரி வகுப்பு என்று ஒன்று உண்டு. தேர்வுக்குழு பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, உண்மையான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். விண்ணப்பித்த ஐந்து பேரில் ஜெனலினுக்குத்தான் மிகக் குறைந்த புள்ளி. மிக அதிகம் ரோவேனாவுக்கு. ஜெனலினை முதலிடத்துக்குத் தூக்கியது எழுத்துத் தேர்வு.

மூன்றாம் வகுப்பு, பின்னம். ஜெனலின் கரும்பலகையில் பிபிங்கா என்கிற எங்கள் அரிசிக் கேக் ஒன்றை வரைந்தாள், வட்டமாக, மேலே தேங்காய்த் துருவல்கூடப் போட்டு. அதை மூன்றாகப் பிரித்தாள். பக்கத்தில் இன்னொன்று வரைந்து நான்காகப் பிரித்தாள். எந்தத் துண்டு பெரியது என்று கேட்டாள். முன் வரிசையில் ஒரு சிறுமி எழுந்து, நாலில் ஒன்றுதான் பெரியது என்றாள். ஏன்? “நாலுதானே டீச்சர் மூணை விடப் பெருசு?” ஜெனலின் மறுபடி விளக்கினாள். சிறுமி மறுபடி நாலுதான் என்றாள். மூன்றாம் முறை விளக்குவதற்குள் மணி அடித்துவிட்டது. குழு எழுந்துவிட்டது. சிறுமி உட்கார்ந்துவிட்டாள், நாலில் ஒன்றுதான் பெரியது என்ற எண்ணத்தோடேயே.

“அது போன மாசம் மனோங். இன்னும் அந்தப் பிள்ளை அப்படியேதான் நினைச்சுக்கிட்டிருக்கா. நான் சொல்லிக்கொடுத்த தப்பு அது, தெரியுமா? படத்துல நாலாப் பிரிச்ச பிபிங்காவை நான்தான் பெருசா வரைஞ்சுட்டேன்.”

“வேற யாராவது சொல்லிக்கொடுத்திருப்பாங்க.”

“இருக்கலாம். ஆனா ஆஸ்பத்திரியில எல்லாரும் போயிடறாங்க. குணமானாலும் போயிடறாங்க, ஆகலைன்னாலும் போயிடறாங்க. நான் போட்ட ஊசி வேலை செஞ்சுதான்னு அடுத்த ஷிப்டுக்காரிக்குத்தான் தெரியும். இந்தப் பிள்ளை அடுத்த தெருவுல இருக்கா. தினமும் பாக்கறேன். பாக்கறப்பல்லாம் கேக்கணும் போல இருக்கு, மூணா நாலான்னு.”

இதை ஒரு காரணம் என்று ஏற்பீர்களா? தனக்கு நன்றாக வரும் வேலையை விட்டு, மட்டமாக வரும் வேலைக்குப் போக? கதாபாத்திரம் நானே படைத்ததாக இருந்தால், இதைவிட வலுவான காரணம் கொடுத்திருப்பேன். இவள் கொடுத்தது இதுதான். முறைப்படி குறித்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று. இதையெல்லாம் அவள் சொன்னது இன்று. நேற்று மதியம் ஒன்றரை மணிக்கு அவளுக்கே இது தெளிவாக இருக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, இடது கட்டைவிரல் நகத்தின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

5

ஏற்புக் கடிதமோ மறுப்புக் கடிதமோ, பள்ளிக்குப் போகும் உறையில் மொத்தக் கோப்பும் மறுபடி போக வேண்டும். சான்றிதழ்கள், புள்ளி விவரத் தாள், எல்லாம் வரிசைப்படி, ஓரத்தில் ஒட்டுச்சீட்டுகளோடு. ரோவேனாவுக்கு அந்த வரிசை தலைகீழ்ப் பாடம். இதே கோப்பை அவள் தனக்காக ஏழு முறை கட்டியவள். ஜெனலின் கேட்காமலே வந்து உதவிக்கு உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் புள்ளி விவரத் தாளில் அவள் விரல் நின்றது.

அவள் தாளைப் புரட்டுகிற வேகம் எனக்குத் தெரியும். சரக், தட், டக். சரக், தட், டக். நடுவில் டக் வரவில்லை. ஜெனலினும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“என்ன மனாங்?” எங்கள் பேச்சில் அக்காவுக்கு மனாங், தங்கைக்கு டாய்.

“ஒண்ணுமில்ல டாய். துளை சரியா விழலை.”

“துளையே போடலியே.”

ஜெனலின் எழுந்து போய்த் தாளை வாங்கினாள். ரோவேனா கொடுக்க மறுக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. ஜெனலின் விரல் வைத்து வரிசையாகப் படித்தாள். படிப்பு. அனுபவம். எழுத்துத் தேர்வு. மாதிரி வகுப்பு. கடைசி வரி, பயிற்சி: மூன்று புள்ளி.

மூன்று பயிற்சிகளுக்கு மூன்று. இரண்டு, சனிக்கிழமை வகுப்புகளில் வாங்கியவை. மூன்றாவது, ஆஸ்பத்திரியில் அவள் முடித்த முதலுதவிப் பயிற்சி. நின்ற மூச்சை மீட்பது, மார்பை அழுத்துவது, இருபத்துநான்கு மணி நேரம். எல்லாச் சான்றிதழ்களையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தபோது அதுவும் உள்ளே போயிருந்தது. யாரோ எண்ணிவிட்டார்கள்.

“கற்பித்தலோட தொடர்புள்ள பயிற்சிக்குத்தானே புள்ளி?” என்றாள் ஜெனலின்.

“ஆமா.”

“அப்ப இது?”

ரோவேனா கருவியைக் கீழே வைத்தாள். “ரெண்டு விதமா பாக்கலாம். மூணாம் வகுப்புக்கு உடல்நலப் பாடம் இருக்கு. தொடர்பு இருக்குன்னு ஒருத்தர் சொல்லலாம். ஆஸ்பத்திரிப் பயிற்சி ஆஸ்பத்திரிக்குத்தான்னு இன்னொருத்தர் சொல்லலாம். மூணு வருஷம் முன்னாடி ஒருத்தருக்கு எண்ணலை. அதுக்கு முன்னாடி இன்னொருத்தருக்கு எண்ணினாங்க.”

நான் கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டிருப்பீர்கள். சுவரில் ஒட்டியிருப்பது: ஜெனலின் 71.4, ரோவேனா 71.0. அந்த ஒரு புள்ளி போனால் ஜெனலின் 70.4.

“நீ எப்பவோ பாத்துட்டே, இல்ல மனாங்?”

“இப்பத்தான் பாத்தேன்.”

“பாத்துட்டு ஒட்டுச்சீட்டு ஒட்டப் போனே.”

“கோப்பு கட்ட வந்தேன், டாய். தணிக்கை பண்ண வரலை.”

ருஃபோவுக்கு இது முழுக்கப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவர் கேட்டது: “அப்ப பேனர்?”

“பேரை மட்டும் மாத்தி ஒட்டுங்க கபிதான்,” என்றாள் ரோவேனா. “ஆனா என் தலையில தொப்பி நிக்காது.”

6

இங்கே கதைக்கு ஒரு வசதியான முடிவு தானாக வந்து நிற்கிறது. நான் தேடவில்லை, அதுவே வந்து வாசலில் நிற்கிறது.

முடிவு அ: ஜெனலின் பள்ளி இடத்தை ரோவேனாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஜெர்மனி போகிறாள். நியாயம் ஜெயிக்கிறது. ஒன்பது வருஷம் காத்திருந்தவளுக்கு இடம், நரம்பு தேடத் தெரிந்தவளுக்கு ஆஸ்பத்திரி, கோட்டுக்குக் குளிர். எழுதுகிறவனுக்கும் நிம்மதி.

நான் மட்டும் அல்ல, ஜெனலினும் அதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். முக்காலியில் திரும்ப உட்கார்ந்து, ஏதோ பெரிய பாரம் இறங்கியவள் போல மூச்சு விட்டாள்.

“சரி. முடிஞ்சுது. மனோங், பள்ளிக்கு எழுதுங்க. என்னைவிடத் தகுதியுள்ளவருக்கு இந்த இடத்தை விட்டுக்கொடுக்க விரும்புவதால் —”

நான் தட்டத் தொடங்கினேன். ‘விட்டுக்கொடுக்க’ வரை வந்திருந்தேன்.

“நிறுத்துங்க மனோங்,” என்றாள் ரோவேனா.

அவள் குரல் உயரவில்லை. வகுப்பில் பின் பெஞ்சைப் பார்த்துப் பேசுகிற குரல்.

“உனக்கு ஜெர்மனி போகணுமா?”

“இது நல்லதுதானே மனாங் —”

“கேட்டது அது இல்ல. போகப் பிடிச்சிருக்கா?”

ஜெனலின் மறுபடி கட்டைவிரல் நகத்தைக் கடித்தாள்.

“பிடிச்சிருந்தா, பிடிச்சிருக்கு, போறேன்னு எழுது. நான் நாளைக்கே சந்தோஷமா அந்த இடத்துல சேருவேன், உனக்கு வழியனுப்பு விருந்தும் வைப்பேன். ஆனா ‘ரோவேனாவுக்காக’ன்னு ஒரு கடுதாசி ஆபீஸ் கோப்புல இருக்கக்கூடாது. ஏழு தடவை விண்ணப்பிச்சேன். ஒரு தடவையாவது யார்கிட்டயாவது விட்டுக்கொடுன்னு கேட்டேனா? இத்தனை நாளா உனக்கு முடிவெடுக்கத் தெரியலை. இப்ப என் தலையில கட்டிட்டு நல்ல பேரோட விமானம் ஏறப் பாக்கறே.”

“நான் அப்படி நினைக்கலை.”

“நினைச்சுத்தான் செய்யணும்னு இல்ல.”

நெனிதா வாசலுக்குத் திரும்பி வந்திருந்தார், கரண்டியோடு. நான் அடித்திருந்த அரை வாக்கியம் திரையில் நின்றது. அதை அழிக்கலாமா என்று கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

“நான் போகலைன்னா?” என்றாள் ஜெனலின்.

“போகலைன்னா போகாதே.”

“அந்த இடம் எனக்கு வேணும்னு நான் சொன்னா?”

ரோவேனா அவளையே பார்த்தாள். கோபமா, வேறு ஏதாவதா என்று என்னால் சொல்ல முடியாது. அவள் முகத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதி மூன்று முறை அழித்தேன். காலியாகவே விடுகிறேன்.

“வேணும்னா வாங்கிக்கோ,” என்றாள். “ஆனா ஒழுங்கா எண்ணச் சொல்லி வாங்கிக்கோ.”

“ஒழுங்கா எண்ணினா நீ மேல போயிடலாம்.”

“போகலாம். போகாமலும் இருக்கலாம். அப்ப அது போட்டி. போட்டி எனக்குப் பழக்கம்.”

7

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. கடிதம் அடிக்கிறவனுக்கு இப்படி வாடிக்கையாளர் கிடைப்பது அபூர்வம். ஜெனலின் சொல்லச் சொல்ல, வெட்டல் திருத்தல் இல்லாமல் வந்தது.

முதல் கடிதம், தேர்வுக்குழுவுக்கு. பொருள்: நியமனத்தை ஏற்பதும், பயிற்சிப் புள்ளியை மறுபரிசீலனை செய்யக் கோருவதும். மூன்றே வாக்கியம். இந்த இடம் எனக்கு வேண்டும். இணைப்பில் உள்ள முதலுதவிச் சான்றிதழ் எண்ணத் தக்கதா என்று குழு பார்க்க வேண்டும். தக்கதல்ல என்றால் பட்டியலைத் திருத்தி, முதலில் வருகிறவரை நியமிக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தை எதிரே உள்ள ஊராட்சிக் கட்டடத்துக்கு எடுத்துப்போனது ரோவேனாவேதான். கோப்போடு சேர்த்துத் தானே கட்டி, தானே கொண்டுபோனாள். நான் கொண்டுபோகிறேன் என்று ருஃபோ எழுந்தார். “நீங்க நேரா பேனரைப் பாக்கப் போயிடுவீங்க, அஞ்சு மணி ஆயிடும்” என்று அவரை உட்கார வைத்துவிட்டாள்.

இரண்டாவது கடிதத்தைத் தொடங்கும்போது மணி இரண்டே முக்கால். ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிற அலுவலகம் இலோயிலோ நகரத்தில் இருக்கிறது. மூன்று மணி வேனில் போனால்தான் ஐந்துக்குள் சேரும்.

“இதை எழுதாதே,” என்றார் நெனிதா. கரண்டியோடு திரும்பி வந்த பிறகு அவர் முதல்முறையாக வாய் திறந்தார். “பைத்தியமா உனக்கு? திங்கக்கிழமை குழு உக்காந்து உன் பேரை அடிச்சுட்டா? ஒண்ணு கைக்கு வரட்டும், அப்புறம் இன்னொண்ணை விடு. ஜெர்மன்காரனுக்கு ஏதாவது சொல்லு. காய்ச்சல்னு சொல்லு. அம்மாவுக்குக் காய்ச்சல்னு சொல்லு, நான் படுத்துக்கறேன்.”

“அவங்க நர்ஸ் எடுக்கறவங்க நானாய். எத்தனை டிகிரின்னு கேப்பாங்க.”

“சிரிக்காதே. ரெண்டும் போச்சுன்னா என்ன பண்ணுவே?”

“தெரியலை.”

“தெரியலையாம்.” நெனிதா எங்கள் எல்லாரையும் சாட்சிக்குக் கூப்பிடுவது போலப் பார்த்தார்.

“நானாய், ரெண்டும் கையில இருந்தா நான் அடுத்த வருஷமும் இந்த முக்காலியிலதான் உக்காந்திருப்பேன். இந்தச் சனிக்கிழமை இது, அந்தச் சனிக்கிழமை அதுன்னு நாலு வருஷம் ஓட்டிட்டேன். எது கூப்பிடுதோ அங்க போறேன்னு இருந்தேன். ரெண்டும் கூப்பிட்டப்பத்தான் தெரிஞ்சுது, நான் எதையும் கூப்பிடவே இல்லைன்னு.”

நெனிதா கரண்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “கோட்டைக் கழட்டறேன்,” என்றார். “ஆனா விக்க மாட்டேன்.”

கடிதம் அடித்தேன். பொருள்: பணி நியமனத்தை ஏற்க இயலாமை. ‘இயலாமை’யை வெட்டச் சொன்னாள். இயலாமல் இல்லையாம். ‘ஏற்காமை’ என்று மாற்றினேன். காரணம் எழுத வேண்டுமா என்று கேட்டேன். ஆசிரியராகப் போகிறேன் என்று எழுதட்டுமா என்றேன். அது இன்னும் நிச்சயமில்லையே என்றாள். ஆகவே ஒரே வாக்கியம்: ‘என் ஊரில் ஒரு வேலைக்காக முயன்றுகொண்டிருக்கிறேன்.’ நன்றி, தேதி, பெயர்.

[முடிவு ஆ: குழு சான்றிதழை எண்ணுகிறது, ஜெனலின் ஆசிரியை. முடிவு இ: எண்ணவில்லை, ரோவேனா ஆசிரியை, ஜெனலின் நெனிதாவின் கடையில் மோலோ உருட்டிக்கொண்டு அடுத்த வருஷப் பட்டியலுக்குக் காத்திருக்கிறாள், அல்லது வேறு ஏதோ. இரண்டையும் முழுதாக எழுதி வைத்திருக்கிறேன். இங்கே சேர்க்கப்போவதில்லை. குழு திங்கட்கிழமை கூடுகிறது. இன்று சனிக்கிழமை. விதி என்ன சொல்கிறது, புள்ளிகள் எவ்வளவு, யார் எவ்வளவு காத்திருந்தார்கள் என்பதெல்லாம் மேலே இருக்கிறது. எதையும் நான் ஒளித்துவைக்கவில்லை. எண்ணுவதா கூடாதா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். முடிவு செய்யும்போது, எந்தப் பெண்ணுக்காக அப்படி முடிவு செய்தீர்கள் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். நான் கவனித்தேன், எனக்கு என்மேல் அவ்வளவு மதிப்பு வரவில்லை.]

ஜெனலின் நீலப் பேனாவால் கையெழுத்துப் போட்டாள். தாளை மூன்றாக மடித்தாள், விளிம்பு விளிம்போடு சேரும்படி. உறைக்குள் வைத்தாள். அதற்குள் வெளியே வேன் ஒலியெழுப்பியது.

“ஒட்டாம அனுப்பினாலும் டிரைவர் படிக்க மாட்டார்,” என்றேன். சொன்ன பிறகுதான், அவளுக்கு இன்னும் ஒரு நிமிஷம் கொடுக்கப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

“பசை குடுங்க மனோங்.”

கொடுத்தேன். மடிப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் இழுத்தாள். மடித்து, உள்ளங்கையால் அழுத்தி, இன்னொரு முறையும் அழுத்தினாள். வெளியே போய் வேன் ஜன்னல் வழியாக நீட்டினாள். டிரைவர் முகவரியைப் படித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, உறையைத் தன் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தார்.